வெல்ஷ், வால்நட், வலாக்கியா: வொல்கே என்ற கெல்டிக் குலத்தின் பெயர் எங்கிருந்து வந்தது?

பெப்ரவரி 2, வாசகர் கேள்வி

வேல்ஸ் நாட்டுக்காரருக்கு ‘வெல்ஷ்’ என்ற பெயர் வந்தது ‘வொல்கே’ என்ற பழைய கெல்டிக் குலத்தின் பெயரிலிருந்து என்று படித்தேன். நம்பும்படியாக இல்லை. அந்தக் குலம் இருந்தது பிரான்சின் தெற்கே, துலூஸ் பக்கம். வேல்ஸ் இருப்பது பிரித்தானியாவின் மேற்கு ஓரத்தில். நடுவில் கடல் வேறு. ஜேர்மனில் மக்களை ‘ஃபொல்க்’ என்கிறார்களே, வொல்கேயும் அதே சொல்தானே? யாராவது விளக்க முடியுமா?

பெப்ரவரி 2, இரவு

ஃபொல்க்கை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது எழுத்தில்தான் ‘வி’, ஒலியில் ‘ஃப’. ஆங்கில ‘ஃபோக்’ அதன் உடன்பிறப்பு. ஜேர்மானிய மொழிகளில் ‘ஃப’ நிற்கும் இடத்தில் இலத்தீனில் ‘ப’ நிற்கும்: ஜேர்மன் ஃபாட்டர், இலத்தீன் பாத்தெர், ஜேர்மன் ஃபிஷ், இலத்தீன் பிஸ்கிஸ். ஆகவே ஃபொல்க்கின் உறவுச் சொல்லை இலத்தீனிலோ கெல்டிக்கிலோ (ஐரிஷ், வெல்ஷ் மொழிகளின் குடும்பம்) தேடினால் ‘வ’வில் தேடக்கூடாது. வொல்கேயின் முதல் ஒலியை ரோமர்கள் இதழ் குவித்து, ‘உவொ’ என்பதுபோல உச்சரித்தார்கள். இரண்டும் வேறு வேறு.

தூரத்தைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. நாளை எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போகவேண்டும்.

பெப்ரவரி 3

வொல்கே மக்கள் துலூஸில் மட்டும் இருக்கவில்லை. இந்த விஷயத்தின் திறவுகோலே அதுதான்.

பிரான்சின் தெற்கில் அவர்களில் இரண்டு கிளைகள். துலூஸைச் சுற்றி வொல்கே தெக்தோசாகெஸ், நீம் நகரைச் சுற்றி வொல்கே அரெகோமிகி. கி.மு. 218இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் யானைகளோடு ரோன் ஆற்றைக் கடக்க வந்தபோது எதிர்க்கரையில் ஆயுதத்தோடு நின்றவர்கள் வொல்கே என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ரோன் ஆற்றின் இரு பக்கமும் அவர்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

அப்புறம் சீசர். கோல் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) போர் பற்றிய அவருடைய குறிப்புகளின் ஆறாம் பகுதியில், ஹெர்சீனியக் காட்டைச் சுற்றியுள்ள ஜேர்மானியாவின் மிக வளமான நிலத்தில் வொல்கே தெக்தோசாகெஸ் குடியேறினார்கள், இன்றுவரை அங்கேயே இருக்கிறார்கள், நீதிக்கும் போருக்கும் பெயர் பெற்றவர்கள் என்று சொல்கிறார். ஹெர்சீனியக் காடு என்பது ரைன் ஆற்றிலிருந்து கிழக்கே, இன்றைய தெற்கு ஜேர்மனியையும் செக் நாட்டையும் தொட்டுக்கொண்டு போகும் பெருங்காடு. கோலிலிருந்து அங்கே போனார்கள் என்பது சீசரின் கணக்கு. இன்றைய ஆய்வாளர் பலர் திசையைத் திருப்புகிறார்கள்: நடு ஐரோப்பாதான் பழைய இருப்பிடம், தெற்கு பிரான்சுக்குப் போனவர்கள் பின்னால் கிளம்பிய கூட்டம் என்று. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது.

திசை எதுவாக இருந்தாலும், ஜேர்மானிய மொழி பேசியவர்களுக்குத் தெற்கே இருந்த அயல்வீட்டுக்காரர் இந்த வொல்கே. வேறு மொழி பேசியவர்களில் முதலில் பழகியவர்கள் இவர்களாக இருக்கவேண்டும். இவர்களுடைய பெயரை எடுத்து, கெல்டிக் பேசிய எல்லாருக்கும் ‘வால்ஹ்’ என்று வைத்துவிட்டார்கள். பிறகு ரோமர் ஆட்சி வந்து அந்த நிலங்களில் இலத்தீன் பரவியபோது, இலத்தீன் பேசியவர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜேர்மானிய மொழி பேசிய ஆங்கிலோ-சாக்சன்கள் பிரித்தானியாவுக்குக் கடல் கடந்து போனபோது இந்தச் சொல்லையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கிருந்த பிரித்தானியரை அதே பெயரால் அழைத்தார்கள். குலம் கடலைக் கடக்கவே இல்லை. சொல்தான் கடந்தது.

பெப்ரவரி 4

‘வொல்க்’ எப்படி ‘வால்ஹ்’ ஆகும், இஷ்டத்துக்கு எழுத்தை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுவிஸிலும் ஜேர்மனியிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இது ஒரு நிமிட வேலை. எட்டுக்கு டொச்சில், அதாவது ஜேர்மனில், என்ன சொல்கிறோம்? அஹ்ட். இலத்தீனில் ஒக்தோ. இரவுக்கு நஹ்ட். இலத்தீனில் அதன் வேர் நொக்த். ‘ஒ’ இருந்த இடத்தில் ‘அ’, ‘க’ இருந்த இடத்தில் ‘ஹ’. அதே கணக்கில் வொல்க், வால்ஹ்.

இந்த மாற்றம் ஜேர்மானிய மொழிகள் முழுவதிலும் ஒழுங்காக நடந்த ஒன்று. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே முடிந்துபோனது. ரோமர் காலத்தில் இலத்தீனிலிருந்து வாங்கிய சொற்களில் இது நடக்கவில்லை: சீசரின் பெயர் கைசர் என்று ‘க’வோடுதான் நிற்கிறது. ஆகவே வொல்கேயின் பெயரை ஜேர்மானியர் அந்த மாற்றத்துக்கு முன்பே வாங்கியிருக்கவேண்டும். சீசர் பிறப்பதற்கு முன்பே. ஒரு கல்வெட்டோ ஓலையோ இல்லாமல், ஒரு சொல்லின் இரண்டு ஒலிகளை வைத்தே இரண்டு இனங்கள் எப்போது அயலவராக இருந்தார்கள் என்று சொல்லமுடிகிறது. எனக்கு இந்தத் துறையின் மேல் பைத்தியம் பிடித்ததே இதனால்தான்.

பெப்ரவரி 6

நான் இருப்பது பீல் நகரத்தில். பிரெஞ்சில் இதற்கு பியென் என்று பெயர். தெருப்பலகை எல்லாம் இரண்டு மொழியில். இங்கே வந்த புதிதில் ஓர் உணவகக் குசினியில் வேலை. பெரிய சமையல்காரர் பேர்ன் பக்கத்து ஆள். சனிக்கிழமைகளில் மேசைப் பதிவுத் தாளைப் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு வெல்ஷ் ஆட்கள் வருகிறார்கள்’ என்பார். வேல்ஸ்காரர் இவ்வளவு பேர் சுவிஸில் ஏன் இருக்கிறார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். வந்தவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். நொஷாத்தெல்காரர்.

சுவிஸ் டொச்சில் பிரெஞ்சு பேசும் பகுதிக்கு வெல்ஷ்லாண்ட் என்று பெயர். முன்பெல்லாம் பள்ளி முடித்த டொச் வீட்டுப் பெண்பிள்ளைகளை ஒரு வருடம் பிரெஞ்சுப் பகுதிக் குடும்பம் ஒன்றில் வேலைக்கும் மொழி படிக்கவும் அனுப்புவார்கள். அதற்கும் வெல்ஷ்லாண்ட் வருடம் என்றே பெயர். சூரிச்சிலிருந்து கூர் போகும் வழியில் வாலன்சே ஏரி வருமே, அதுவும் இதே சொல்தான்: இலத்தீன் வழி மொழி பேசியவர்களின் ஏரி. டொச் குடியேற்றம் ஒரு காலத்தில் அந்த ஏரியளவில் நின்றிருந்தது. கூர் பக்கத்து ரோமான்ஷ் மொழியை ‘கூர்வெல்ஷ்’ என்றார்கள். புரியாத பேச்சுக்கு டொச்சில் ‘கௌடர்வெல்ஷ்’ என்கிறோமே, அது அதிலிருந்து வந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம்.

ஏதோ ஒரு பழைய குலத்தின் பெயரை நான் வருடக்கணக்காகக் குசினியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்!

பெப்ரவரி 6, சற்றுப் பிறகு

பிரெஞ்சுக்காரர் தங்கள் பழைய நாட்டை ‘கோல்’ என்கிறார்கள். அது இலத்தீன் ‘கல்லியா’விலிருந்து நேரே வந்ததாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். ஒலி விதி இடம் கொடுக்காது. இலத்தீன் சொல்லின் முதலில் ‘அ’வுக்கு முன் வரும் மெல்லொலி ‘க’ (‘கங்கை’ என்பதின் முதல் ஒலி) பிரெஞ்சில் ‘ஜ’ ஆகிவிடும்: காலைக் குறித்த கம்பா, ஜாம்ப் ஆனது. கல்லியா அந்த வழியில் வந்திருந்தால் ‘ஜ’வில் தொடங்கியிருக்கும். கோல் வந்தது, ஜேர்மானிய மொழி பேசிய ஃபிராங்க் மக்களின் ‘வால்ஹ்’ நாடு என்ற சொல்லிலிருந்து. ஜேர்மானிய ‘வ’ பிரெஞ்சில் ‘க’ ஆகும். வில்ஹெல்ம் கியோம் ஆனதுபோல. வேல்ஸ் நாட்டை பிரெஞ்சில் ‘கால்’ என்பதும் இதே விதி.

கோல், கல்லியா: பார்வைக்கு ஒன்றுபோல, பொருள் ஒன்று, வேர் வேறு. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெப்ரவரி 7

வால்நட் (அக்ரூட்) பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அதே ‘வால்’தான். பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்ஹ்-ஹ்னுத்து’, அந்நியரின் கொட்டை. வடக்கே ஹேசல் கொட்டைதான் உள்ளூர்ச் சரக்கு. இது கோலும் இத்தாலியும் தந்தது. இலத்தீனிலும் இதை ‘கோல் நாட்டுக் கொட்டை’ என்றிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து சோளம் வந்தபோது ஜேர்மன் விவசாயிகள் அதையும் ‘வெல்ஷ்கோர்ன்’ என்றார்கள். அதற்குள் சொல்லுக்கு வெறுமனே ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற பொருளே மிஞ்சியிருந்தது.

பெப்ரவரி 9

சரி, ‘வொல்கே’ என்று அவர்களே தங்களை அழைத்தார்களே, அதற்கு என்ன பொருள் என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். கடினமான பகுதி இதுதான்.

ஓநாய் என்று ஒரு கட்சி. பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஓநாய்க்கான சொல்லில் வ, ல, க மூன்றும் இருக்கின்றன. சமஸ்கிருத ‘வ்ருக’ அதன் உறவு. போர்க்குலம் ஒன்றுக்கு ஓநாய்ப் பெயர் அழகாகப் பொருந்தும். ஆனால் அந்தச் சொல்லில் இருந்தது சாதாரண ‘க’ அல்ல, இதழ் குவித்த ‘க்வ’. கோல் மொழியில் அந்த ஒலி ‘ப’ ஆகிவிடும். குதிரைக்கு இலத்தீனில் எக்வுஸ், கோலில் எபோஸ். எபோனா என்ற குதிரைத் தெய்வத்தின் பெயரில் அதைப் பார்க்கலாம். ஓநாயாக இருந்திருந்தால் பெயரில் ‘ப’ இருக்கவேண்டும். இல்லை. ஓநாயை நான் விட்டுவிடுகிறேன்.

ஈரம், ஓட்டம் என்று இன்னொரு கட்சி. பழைய ஐரிஷில் ‘ஃபோல்க்’ என்றால் பெருமழை, வெல்ஷில் ‘கோல்கி’ என்றால் கழுவுதல். ஒலிக்குத் தடையில்லை. ஆற்றோர மக்கள் என்று கொள்ளலாம்.

மூன்றாவது பருந்து, அல்லது வல்லூறு. வெல்ஷ் மொழியில் ‘க்வால்ஹ்’ என்றால் வல்லூறு. அங்கே இடைக்காலக் கவிஞர்கள் வீரனை வல்லூறு என்றே பாடினார்கள். இதற்குத் துணையாக ஓர் ஆள் பெயர்: காத்துவொல்குஸ். கி.மு. 54இல் ரோமருக்கு எதிராக எழுந்த எபுரோனெஸ் குலத்தின் இரு அரசர்களில் வயதானவர். ‘காத்து’ என்றால் போர். போர் வல்லூறு. ஒரு மனிதனுக்கு இட நல்ல பெயர்தான். போர் மழை, போர் ஈரம் என்றெல்லாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா?

அந்தக் கிழவரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். தோல்வி உறுதியானதும் யூ மரத்தின் நஞ்சைக் குடித்து இறந்தார் என்று சீசர் எழுதுகிறார். எபுரோனெஸ் என்ற குலப்பெயரின் வேரே யூ மரம்தான்.

பெப்ரவரி 10

‘தமிழிலும் வல்லூறு, அங்கேயும் வொல்க், இது தற்செயலா?’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கீழே பலர் கைதட்டியும் இருக்கிறார்கள்.

தற்செயல்தான், தம்பி. தமிழின் மேல் எனக்கும் உங்கள் அளவு பற்று உண்டு, அதனால்தான் சொல்கிறேன். இரண்டு மொழிகளுக்கு உறவு காட்டவேண்டுமென்றால் ஒரே விதி பல சொற்களில் திரும்பத் திரும்ப வேலை செய்யவேண்டும். மேலே அஹ்ட், நஹ்ட் என்று காட்டியது அந்தவகை. வல்லூற்றுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. தமிழ்ச் சொல்லின் கதையைத் தமிழுக்குள், அதன் உறவு மொழிகளுக்குள் தேடவேண்டும். கோல், கல்லியா இரண்டும் பக்கத்திலேயே பிறந்தும் வேறாக இருப்பதைப் பாருங்கள். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இரண்டு ஒலி ஒத்துப்போவதில் என்ன இருக்கிறது?

தமிழில் இதற்கு உண்மையான ஒப்புமை வேண்டுமென்றால் ‘யவனர்’ இருக்கிறது. அயோனியா என்பது கிரேக்கரில் ஒரு பிரிவினரின் கரையோரம். பாரசீகருக்கு முதலில் எதிர்ப்பட்ட கிரேக்கர் அவர்களே, ஆகவே எல்லாக் கிரேக்கரும் ‘யௌன’ ஆனார்கள். அந்தச் சொல் கிழக்கே நடந்து நம் சங்கப் பாடல்கள்வரை வந்தது. இங்கே பிரெஞ்சுக்காரர் ஜேர்மனியை ‘அலமாஞ்’ என்பதும் அப்படியே. எல்லையில் இருந்த அலமானி என்ற ஒரே கூட்டத்தின் பெயர்.

பெப்ரவரி 11

க்வால்ஹ் பற்றி இரவு முழுக்க யோசனை. ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் வைத்துவிடுவதுதான் நியாயம்.

பழைய ஆங்கிலத்தில் வல்லூற்றுக்கு ‘வெயால்ஹ்-ஹஃபோக்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்நியப் பருந்து, அல்லது வெல்ஷ் பருந்து. வெல்ஷ்காரரின் க்வால்ஹ் அந்த ஆங்கிலச் சொல்லிலிருந்து வாங்கியதாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கதை தலைகீழ்: பறவையின் பெயரால் குலம் வரவில்லை, குலத்தின் பெயரால் பறவை வந்திருக்கிறது.

அப்படியே இருந்தாலும் காத்துவொல்குஸ் அசையாமல் நிற்கிறார். ஆங்கிலமே பிறக்காத காலத்துப் பெயர் அது. கெல்டிக் உலகில் விலங்கும் பறவையும் குலப்பெயராவது வழக்கம்தான்: ஸ்கொட்லாந்தில் எபிதி என்ற குதிரைக் குலம், கோலில் பிரன்னோவிகெஸ் என்று காகத்தைப் பெயரில் வைத்த குலம். ருமேனியாவின் சியுமெஷ்தி கிராமத்தில் 1961இல் ஒரு கெல்டிக் வீரனின் இரும்புத் தலைக்கவசம் கிடைத்தது. அதன் உச்சியில் வெண்கலத்தில் ஒரு வேட்டைப் பறவை, சிறகுகள் கீலில் பொருத்தியவை. குதிரை ஓடும்போது சிறகு அடித்திருக்கும். எதிரே நிற்பவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அது வொல்கே கல்லறை என்று நான் சொல்லவில்லை. இப்படிக் கவசம் அணிந்த மக்களிடையே வல்லூறு என்று ஒரு குலம் இருந்தால் வியப்பில்லை என்கிறேன். வல்லூற்றின் பக்கம்தான் நான். ஆனால் வொல்க், வால்ஹ் தொடர்புக்கு இருக்கும் உறுதி இதற்குக் கிடையாது.

பெப்ரவரி 15

‘வெல்ஷ் என்றால் அந்நியன், சொந்த மண்ணிலேயே அந்நியனா?’ என்று வேல்ஸின் காடிஃபிலிருந்து ஓர் அக்கா வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

வருத்தப்படத்தான் வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் நாடான வெசெக்ஸின் அரசர் ஈனே ஆண்டது 688 முதல் 726 வரை. அவருடைய சட்டத்தில், கொலையுண்டவரின் குடும்பத்துக்குக் கட்டவேண்டிய தொகை வரிசையாக இருக்கிறது. சாதாரண ஆங்கிலக் குடியானவனுக்கு 200 ஷில்லிங். வரி கட்டும் வெல்ஷ் குடியானவனுக்கு 120. அதே சொல் பிறகு பழைய ஆங்கிலத்தில் ‘அடிமை’ என்றும் பொருள்பட்டது. நீதிக்குப் பெயர் பெற்றவர்கள் என்று சீசர் எழுதிய குலத்தின் பெயர் அது. கோர்ன்வால் என்பதின் ‘வால்’, வாலஸ், வால்ஷ் என்ற குடும்பப் பெயர்கள், எல்லாம் இதன் பிள்ளைகள்.

ஆனால் அக்கா, அவர்கள் தங்களை அப்படி அழைப்பதில்லையே. அவர்களுக்கு அவர்கள் ‘கம்ரி’. பழைய வடிவம் ‘கொம்ப்ரொகி’, ஒரே நாட்டார், கூட வாழ்பவர். வடக்கு இங்கிலாந்தின் கம்பிரியாவும் அதே. அந்த ‘ப்ரொக்’ ஜெனீவாவை வைத்திருந்த அல்லொப்ரொகெஸ் குலத்தின் பெயரிலும் உண்டு, அங்கே பொருள் ‘வேறு நாட்டார்’.

இங்கே எங்களுக்கும் பெயர்கள் வைத்தார்கள். சில பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே மனம் வராது. கம்ரி என்ற சொல் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக வெல்ஷ் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பெப்ரவரி 18

விவிலியம் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘புத்தியில்லாத கலாத்தியரே’ என்று பவுல் கடிந்துகொள்கிறாரே, அந்தக் கலாத்தியாவின் பெயர் வந்தது இந்தத் தெக்தோசாகெஸ் கிளையும் சேர்ந்த கெல்டிக் கூட்டத்திடமிருந்து. கி.மு. 278இல் பித்தினியாவின் அரசர் நிக்கோமெதேஸ் தன் சண்டைக்கு உதவியாக மூன்று கெல்டிக் குலங்களைச் சின்ன ஆசியாவுக்குள் அழைத்தார். அவர்களில் தெக்தோசாகெஸ் பிடித்த இடம் அங்கீரா, இன்றைய அங்காரா. துலூஸ், நடு ஐரோப்பா, துருக்கியின் தலைநகர் மூன்றிலும் ஒரே குலப்பெயர். நாலாம் நூற்றாண்டில் விவிலிய அறிஞர் ஜெரோம், கலாத்தியரின் பேச்சு ட்ரியர் நகரத்து மக்களின் பேச்சுக்கு நெருக்கமானது என்று எழுதிவைத்தார்.

தெக்தோசாகெஸ் என்ற பெயரின் பின்பாதி ‘தேடுபவர்’. முன்பாதியை ‘உடைமை’ என்று கொண்டால், சொத்துத் தேடிப் போகிறவர்கள். இவ்வளவு தூரம் அலைந்தவர்களுக்குப் பொருத்தம்தான்.

பெப்ரவரி 19

துலூஸ் தங்கத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: கி.மு. 106இல் ரோமத் தளபதி கைப்பியோ அங்கே கோயில்களிலும் புனிதக் குளங்களிலும் இருந்த பொன், வெள்ளியைக் கொள்ளையடித்தார். கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ தரும் கணக்கு 15,000 தாலந்து. கெல்டிக் படை கிரேக்கக் கோயில் நகரமான தெல்ஃபியிலிருந்து அள்ளிவந்த புதையல் அது என்ற கதையை அவர் எடுத்துச் சொல்கிறார், அவருக்கு முந்தைய கிரேக்க அறிஞர் பொசெய்தோனியோஸ் அதை ஏற்கவில்லை என்றும் சொல்கிறார். அடுத்த வருடமே அரௌசியோவில் கைப்பியோவின் படை அழிந்தது. பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

பெப்ரவரி 24

கிழக்குப் பக்கம் மிச்சம் இருக்கிறது. ஜேர்மானியரிடமிருந்து ஸ்லாவியர் இந்தச் சொல்லை வாங்கினார்கள். அவர்களுக்கும் பொருள் ‘இலத்தீன் வழி மொழி பேசுகிறவன்’. போலந்தில் இத்தாலியையே அந்தச் சொல்லால்தான் இன்றும் அழைக்கிறார்கள். எங்கள் வேலைத்தளத்தில் ஒரு போலந்துப் பெண் விடுமுறைக்கு ‘வ்வோஹி’ போகிறேன் என்றபோது நான் ஊர்ப் பெயர் என்று நினைத்தேன், கடைசியில் ரோம்! பால்கனில் ‘விளாஹ்’ என்றால் ருமேனிய வகை மொழி பேசும் இடையர். இன்றைய ருமேனியாவின் தெற்கில் இருந்த வலாக்கியா நாட்டின் பெயர் அதன் வழியே. ஹங்கேரியர் ஸ்லாவியரிடம் வாங்கி இரண்டாகப் பிரித்தார்கள்: ‘ஒலாஸ்’ என்றால் இத்தாலியர், ‘ஒலாஹ்’ என்றால் ருமேனியர். வலாக்கியர் தங்கள் நாட்டை அப்படிச் சொல்லவில்லை, ‘ருமேனிய நாடு’ என்றார்கள். பெல்ஜியத்தின் வலோன் மக்களோ அந்தப் பெயரைத் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 1

‘வால்’ பெயர்களின் பட்டியல் அனுப்பியவர்களுக்கு நன்றி. ஆனால் ‘வால்’ என்று தொடங்குவதெல்லாம் வொல்கே அல்ல. எங்கள் சுவிஸ் மாநிலமான வாலிஸ் கன்டோன் இலத்தீன் ‘வல்லிஸ்’, பள்ளத்தாக்கு. வால்டர் என்ற ஆள் பெயர் ‘ஆளுதல்’ என்ற வேர். ஆங்கில ‘வோல்’, சுவர், இலத்தீன் ‘வல்லும்’. வால்ட்டன் என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் சில வெல்ஷ்காரர் ஊர், சில காட்டூர், சில மதிலூர். ஒவ்வோர் ஊருக்கும் பழைய ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். இனிப் பெயர் அனுப்புகிறவர்கள் கிடைத்த மிகப் பழைய எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அப்போதுதான் பேசமுடியும்.